ஒரே வரிசை, இரண்டு சட்டம்: மலேசியாவில் விளையாட்டுப் பந்தயத் தடை

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு நம்பர் கடை, அதாவது நாலு எண் குலுக்கல் சீட்டு விற்கும் கடை. சனிக்கிழமை மாலை, குலுக்கலுக்கு முன் விற்பனை முடியும் நேரம். வரிசையில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், ஒரே தெருக்காரர்கள். முன்னால் நிற்பவர் இந்து, பின்னால் நிற்பவர் தமிழ் முஸ்லிம். இருவரும் ஒரே நாலு எண்ணை ஆளுக்கு இரண்டு ரிங்கிட்டுக்கு எழுதுகிறார்கள். முன்னவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அரசு உரிமம் பெற்ற நிறுவனம் அவருக்கு அச்சடித்த சீட்டைக் கையில் கொடுக்கிறது. பின்னவரோ எண்ணைச் சொல்வதற்கு முன்பே, கடைக்குள் இருந்ததாலேயே குற்றம் செய்தவராகிவிட்டார்.

அன்றிரவு இருவரும் மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரோடு உட்கார்ந்து இங்கிலீஷ் லீக் ஆட்டம் பார்க்கிறார்கள். பந்தயம் வாங்கும் புக்கிக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி ஆளுக்கு நூறு ரிங்கிட் கட்டுகிறார்கள். இப்போது முன்னவரும் சட்டத்தை மீறியாயிற்று. பின்னவர் மீது இரண்டு சட்டங்கள் பாயலாம். அவற்றை விசாரிப்பது வெவ்வேறு நீதிமன்றங்கள், பிடிப்பது வெவ்வேறு அதிகாரிகள்.

மலேசிய அரசியலமைப்பின் 3-ஆவது விதி இஸ்லாமைக் கூட்டரசின் மதம் என்கிறது. அதனால்தான் அங்கே விளையாட்டுப் பந்தயம் தடை என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. கால்பந்துப் பந்தயத்தைத் தடுக்கும் சட்டம் பிரிட்டிஷ்காரர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனது. இஸ்லாமியத் தடை தனியாக, வேறொரு ஏட்டில், முஸ்லிம்களுக்கு மட்டும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த ஒரே தடையாகப் பார்த்தால் அங்கே நடக்கும் வழக்குகள் எதுவும் புரியாது.

முதலில் பழைய ஏடு. லாட்டரிச் சட்டம் 1952, பந்தயச் சட்டம் 1953, பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் 1953. மூன்றும் 1957 சுதந்திரத்துக்கு முந்தியவை. இவற்றில் மதத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மூன்றின் கவலையும் ஒன்றுதான்: பணம் யார் கையில் புரள்கிறது, அவரிடம் உரிமம் இருக்கிறதா. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றும் பங்காளிச் சொத்தாகப் பெற்ற 1867-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டத்துக்கும் இவற்றுக்கும் முகஜாடை ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. எழுதிய கை ஒன்றுதான்.

பந்தயச் சட்டத்தின் கூர்முனை புக்கியின் பக்கம்தான் நீட்டியிருக்கிறது. புக்கி என்றால் பந்தயம் வாங்குகிற முதலாளி மட்டுமல்ல. அவருக்காகக் குறிப்பெழுதுகிறவர், ஓடி ஓடிப் பணம் வாங்கி வருகிற ரன்னர், ஏஜென்ட் என்று யாராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் புக்கிதான். ரொக்கமா கடனா என்பதும் பொருட்டல்ல. இந்த அகலமான வரையறை வீணாக வைக்கப்படவில்லை. முதலாளி எந்தக் காலத்திலும் தெருவில் நிற்பதில்லை. நிற்பவனைப் பிடிக்கச் சட்டம் வேண்டும். குற்றம் நிரூபணமானால் 20,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அபராதத்துக்குக் கீழெல்லை வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நீதிபதி மனமிரங்கினாலும் 20,000-க்குக் கீழே போக முடியாது. மாதம் இரண்டாயிரம் சம்பாதிக்கும் ரன்னருக்கு அது பத்து மாதச் சம்பளம். முதலாளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வசூல்கூட ஆகாது.

சூதாட்ட விடுதிச் சட்டத்தில் விடுதி நடத்துபவருக்கும் அங்கே வேலை செய்பவருக்கும் 5,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. உட்கார்ந்து ஆடியவருக்கு அதிகபட்சம் 5,000 ரிங்கிட் அல்லது 6 மாதம் அல்லது இரண்டும். இன்னொரு கடுமையும் இதில் உண்டு. சோதனையில் சூதாட்டக் கருவிகள் அகப்பட்டால் அந்த இடம் சூதாட்ட விடுதிதான் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது மாட்டியவர் பாடு. வீட்டு உரிமையாளரும் தப்ப முடியாது. வாடகைக்கு விட்ட கடைவீட்டில் சூதாட்டம் நடந்தால், போலீஸ் கேட்டுக்கொண்டபடி மின் வாரியம் அந்த இடத்தின் இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கும் இந்தச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் மின்சாரத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருப்பதால், விவரம் தெரிந்த உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே இதைத் தனி நிபந்தனையாக எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

எல்லாச் சூதையும் இந்த ஏடு தடுக்கவில்லை, உரிமம் இல்லாததை மட்டுமே தடுக்கிறது. கெந்திங் மலை கேசினோவுக்கு உரிமம் உண்டு. குதிரைப் பந்தயக் கிளப்புகளுக்கு டோட்டலைசேட்டர் உண்டு: எல்லார் பணத்தையும் ஒரு குவியலாக்கி, வரியும் கழிவும் போக மீதியை வென்றவர்களுக்குப் பங்கிடும் முறை அது. நாலு எண் விற்கும் நிறுவனங்கள் 1967-ஆம் ஆண்டுக் கூட்டுப் பந்தயச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. இந்த நாலு எண் ஆட்டத்தை ஊரில் எம்பாட் எக்கோர் என்பார்கள். இந்த நிறுவனங்களில் ஒன்றான ஸ்போர்ட்ஸ் டோட்டோவை விளையாட்டுக்கும் இளைஞர் நலனுக்கும் பணம் திரட்ட அரசே 1969-ல் தொடங்கி, 1985-ல் தனியாருக்குக் கொடுத்தது. பெயரில் விளையாட்டு இருக்கிறதே ஒழிய, அங்கே போய் எந்த அணி ஜெயிக்கும் என்று பணம் கட்ட முடியாது, எண்கள் மட்டும்தான். குதிரையைத் தவிர்த்து வேறெந்த விளையாட்டின் முடிவின் மேலும் சட்டப்படி பந்தயம் கட்ட இன்று மலேசியாவில் வழியில்லை.

ஒரு காலத்தில் வழி வரப் பார்த்தது. 2010 மே மாதம், தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, அஸ்காட் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு விளையாட்டுப் பந்தய உரிமம் மறுபடியும் கிடைக்கப்போகிறது என்ற செய்தி வந்தது. 1980-களின் பிற்பகுதியில் அந்த நிறுவனத்திடம் இந்த உரிமம் இருந்திருக்கிறது. அதன் 70 சதவீதப் பங்கை 525 மில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்கப்போவதாக பெர்ஜாயா குழுமம் அறிவித்தது. திருட்டுப் பந்தயத்தை ஒழிக்க வேண்டுமானால் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வரி வாங்குவதே வழி என்பது ஆதரவாளர்களின் வாதம். இஸ்லாமியக் கட்சியான பாஸ் மட்டுமல்ல, எதிர்க்கட்சிகள் எல்லாமே எதிர்த்தன. எதிர்க்கட்சி ஆண்ட மாநிலங்கள் தங்கள் ஊர்களில் கடை திறக்க விடமாட்டோம் என்றன. ஆளும் கட்சிக்குள்ளேயும் முணுமுணுப்பு. ஜூன் கடைசியில், உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதே, உரிமம் கொடுக்கப்போவதில்லை என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். அதற்குப் பிறகு எந்த அரசும் அந்த ஃபைலைத் துணிந்து தூசு தட்டவில்லை. கேசினோ வரி வேண்டும், நம்பர் வரி வேண்டும், கால்பந்து வரி மட்டும் பாவம் என்பது கொஞ்சம் விசித்திரமான நிலைப்பாடுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கிற கடையைப் பொறுத்துக்கொள்வதற்கும் புதுக்கடை திறப்பதற்கும் அரசியலில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இனி இரண்டாவது ஏடு. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் ஒன்றாக வைத்து விலக்குகின்றன. சூதுக்கு அங்கே உள்ள சொல் மைசிர். உழைப்போ வியாபாரமோ இல்லாமல், ஒருவரின் நட்டமே இன்னொருவரின் லாபமாக வருவதுதான் மைசிரின் சாரம் என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் விளக்குவார்கள். பரிசு வேறு, பணயம் வேறு. போட்டியாளர்கள் இருவரும் பணம் வைத்து ஜெயித்தவர் அள்ளிக்கொண்டால் சூது. வெளியாள் ஒருவர் பரிசு கொடுத்தால் சூது இல்லை. குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் ஆகியவற்றுக்கு நபிமொழியில் சலுகை உண்டு. ஆனால் அது ஓட்டுகிறவருக்கும் எய்கிறவருக்கும் உள்ள சலுகை, திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவருக்கு இல்லை. மலேசியாவில் பின்பற்றப்படும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இரண்டு போட்டியாளர்களும் பணயம் வைத்தே தீருவோம் என்றால், பணம் வைக்காத, ஜெயிக்கக்கூடிய திறமையுள்ள மூன்றாவது ஆள் ஒருவரைப் போட்டியில் சேர்க்க வேண்டும். அவருக்கு முஹல்லில் என்று பெயர். அவர் ஜெயித்தால் இரண்டு பணயமும் அவருக்கு, தோற்றால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. அப்படி ஒருவர் நடுவில் வந்ததும் 'உன் நட்டம் என் லாபம்' என்ற நேர்க்கோடு உடைந்துவிடுகிறது.

மலேசியச் சட்டத்தில் இந்த நுணுக்கமெல்லாம் சுருங்கி ஒரு பத்தியாகிவிடுகிறது. கூட்டரசுப் பிரதேசங்களான கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகியவற்றுக்குப் பொருந்தும் 1997-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: சூதாடுகிறவரோ சூதாட்ட இடத்தில் காணப்படுகிறவரோ குற்றவாளி, தண்டனை 3,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். எது சூதாட்ட இடம்? அறை, அலுவலகம், ஸ்டால், திறந்ததோ மூடியதோ, அதிர்ஷ்ட விளையாட்டுக்கோ லாட்டரிக்கோ பயன்படும் எந்த இடமும்தான். உரிமம் பெற்றதா என்ற கேள்வியே அதில் எழவில்லை. செந்தூல் கடையில் பின்னால் நின்றவர் கால் வைத்ததுமே மாட்டிக்கொண்டது இதனால்தான். 'நான் சும்மா நண்பரோடு வந்தேன்' என்பது இந்தப் பிரிவின் முன் நிற்காது.

சோதனை எப்படி நடக்கிறது என்பதில்தான் இரண்டு ஏடுகளின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இஸ்லாமியச் சமய இலாகா அதிகாரிகள் சாதாரண உடையில் வருவார்கள். கவுண்டரில் நிற்பவர்களிடம் மைகார்டைக் கேட்பார்கள். மலேசிய அடையாள அட்டையில் முஸ்லிம்களுக்கு மட்டும் மதத்தின் பெயர் முன்பக்கத்தில் அச்சாகியிருக்கும். மற்றவர்களுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒரே நிறம், ஒரே பேச்சு, சில நேரம் ஒரே குடும்பப் பெயர் உள்ள இரண்டு தமிழர்களை அந்த ஒற்றைச் சொல்தான் பிரிக்கிறது. அட்டையில் அந்தச் சொல் இல்லாதவரை அதிகாரி தொட முடியாது. அவருக்கு அதிகாரம் இல்லை. கடைக்காரர் மீதும் அவரால் எதுவும் செய்ய முடியாது. மாறாக, போலீஸ் ஒரு புக்கியைப் பிடிக்கும்போது யாருடைய மதத்தையும் பார்ப்பதில்லை. அந்த வழக்கு மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். நம்பர் கடையில் பிடிபட்ட முஸ்லிமின் வழக்கு ஷரியா நீதிமன்றத்துக்கு.

ஷரியா நீதிமன்றம் என்றதும் கடுமையான தண்டனைகளைக் கற்பனை செய்பவர்கள் உண்டு. மாநில ஷரியா நீதிமன்றங்களின் கை கட்டப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குப் போட்ட உச்சவரம்பு 3 ஆண்டு சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், 6 பிரம்படி. ஆக, புக்கிக்கு பிரிட்டிஷ் காலத்துச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச அபராதமே, ஒரு முஸ்லிம் சூதாடிக்கு மாநில ஷரியா நீதிமன்றம் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதத்தைப் போல நான்கு மடங்கு. எது கடுமையான ஏடு என்று நினைத்திருந்தோமோ அது தலைகீழாகிறது.

அடுத்த சிக்கல், சூதாட்டத்தைத் தண்டிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இருக்கிறதா என்பதே. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை கூட்டரசின் பட்டியலையும் மாநிலங்களின் பட்டியலையும் தனித்தனியாகப் போடுகிறது. 'பந்தயமும் லாட்டரியும்' கூட்டரசுப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. இஸ்லாமிய நெறிக்கு எதிரான குற்றங்களை முஸ்லிம்கள் செய்தால் தண்டிக்க மாநிலங்கள் சட்டம் இயற்றலாம், ஆனால் கூட்டரசுப் பட்டியலில் உள்ளவற்றைத் தவிர என்று மாநிலப் பட்டியல் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகளாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்தத் 'தவிர', 2024 பிப்ரவரி 9 அன்று வெடித்தது. கிளந்தான் மாநிலத்தின் 2019-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தை எதிர்த்து நிக் எலின் என்ற வழக்கறிஞரும் அவருடைய மகளும் போட்ட வழக்கில், கேள்விக்குள்ளான 18 பிரிவுகளில் 16 செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமூன் தலைமையிலான அமர்வு அது. விழுந்த பிரிவுகளில் சூதாட்டம் பற்றியதும் ஒன்று.

தீர்ப்பு இஸ்லாமுக்கு எதிரானது என்று தெருவில் முழக்கம் கேட்டது. நீதிமன்றம் தொட்டது இஸ்லாமை இல்லை, பட்டியலை. சூது பாவமா என்பது அதன் முன்னிருந்த கேள்வியே அல்ல. சூதைத் தண்டிக்கும் சட்டத்தை எழுத வேண்டியது கிளந்தானின் தலைநகர் கோத்தா பாருவா, கூட்டரசின் தலைநகர் கோலாலம்பூரா என்பதுதான் கேள்வி. இதில் ஒரு வேடிக்கையான விளைவும் இருக்கிறது. கூட்டரசுப் பிரதேசங்களுக்கு நாடாளுமன்றமே இரண்டு பட்டியலிலும் சட்டம் இயற்றலாம் என்பதால் அங்கே 18-ஆவது பிரிவுக்கு இந்த ஆபத்து கிடையாது. பக்திக்குப் பேர்போன கிளந்தானில் சூதாட்டப் பிரிவு செல்லாமல் போனது. கேளிக்கைக்குப் பேர்போன கோலாலம்பூரில் அது அசையாமல் நிற்கிறது. மற்ற மாநிலங்களின் இதேபோன்ற பிரிவுகள் தாமாக விழுந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் யாராவது வழக்குப் போட்டு எதிர்த்தாக வேண்டும். ஆனால் அவற்றின் அடித்தளத்தில் விரிசல் விட்டாயிற்று.

மாநிலங்களுக்கு இன்னொரு கருவி இருக்கிறது, அது ஷரியா இல்லை: கடை உரிமம். உள்ளாட்சி மன்றம் வணிக உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால், நிதியமைச்சின் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்பர் நிறுவனம் என்ன செய்யும்? கிளந்தானும் திரெங்கானுவும் இந்த வழியாகத்தான் கடைகளே இல்லாத மாநிலங்களாயின. கெடா மாநில அரசு 2021 நவம்பரில் இதே முடிவை எடுத்தது. 2023 தொடக்கத்திலிருந்து சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களில் நம்பர் கடைகளின் கதவு இறங்கியது. இரண்டும் தமிழர்கள் நிறைந்த ஊர்கள். கடை மூடியதால் நம்பர் எழுதுவது நின்றதா என்றால், பக்கத்திலிருக்கிற பினாங்குக்கு வண்டி எடுத்துப் போகிறவர் போனார். போகாதவருக்குத் தெருவிலேயே திருட்டு ஏஜென்ட் கிடைத்தார். அவர் கடனுக்கும் எழுதுவார். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2024 ஜூனில் அலோர் ஸ்டார் உயர்நீதிமன்றம், பந்தயமும் லாட்டரியும் கூட்டரசின் கையில் இருப்பவை, மாநில அரசின் தடை அரசியலமைப்புக்குப் புறம்பானது என்றது. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. வாதத்தின் முதுகெலும்பு கிளந்தான் வழக்கில் இருந்த அதே பட்டியல்தான். இந்தத் தடவை மதமே பேசப்படாமல் வந்தது, அவ்வளவே.

கால்பந்துக்குத் திரும்புவோம். மாமாக் கடையில் இருந்த இருவரும் அந்த நூறு ரிங்கிட்டைப் புக்கியிடம் கொடுக்கவே இல்லை. விளையாட்டுப் பந்தயத்தின் பெரும்பகுதி கடனில் நடக்கிறது. ஏஜென்ட் ஆளைப் பார்த்து ஒரு வரம்பு கொடுப்பார். வாரத்துக்கு ஒருமுறை கணக்கு முடிப்பார்கள். பந்தயத்தின் விலையைச் சொல்லும் முறைக்கு உலகம் முழுக்க 'மலாய் ஆட்ஸ்' என்றே பெயர். விளையாட்டுப் பந்தயத்தைத் தடைசெய்த நாட்டின் பெயரை அந்தத் தொழிலே சுமந்துகொண்டு திரிகிறது. கணக்கு எளிது. விலை 0.80 என்றால் நூறு கட்டி ஜெயித்தால் 80 லாபம், தோற்றால் நூறு நட்டம். விலைக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் தலைகீழ்: ஜெயித்தால் நூறு லாபம், தோற்றால் 80 மட்டும் நட்டம். இதோடு பலமான அணி பலவீனமான அணிக்கு அரைக் கோலோ ஒரு கோலோ விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு வைப்பார்கள். அரைக் கோல் கொடுத்த அணி சமன் செய்தாலும் அதன் மேல் கட்டியவர் தோற்றவரே. 'தோற்றால் எண்பதுதானே' என்று தோன்றுவதும், கையிலிருந்து காசு போகாததும் சேர்ந்து செய்யும் வேலையை ஞாயிற்றுக்கிழமை இரவு தொகை கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இங்கே மூன்றாவது ஒரு சட்டம் சத்தமில்லாமல் நுழைகிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவும், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26-ஆவது பிரிவும் பந்தய ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கின்றன. முன்னது இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின் நகல். குதிரைப் பந்தயத்தில் வென்றவருக்கான ஐந்நூறும் அதற்கு மேலும் உள்ள பரிசுக்கு அங்கே கொடுத்த விலக்கு, ரூபாய் ரிங்கிட்டாக மாறியதோடு இங்கேயும் அப்படியே இருக்கிறது. இதன் பொருள்: ஜெயித்த பணத்தைப் புக்கி தராவிட்டால் வழக்குப் போட முடியாது. நீங்கள் தோற்ற பணத்தைத் தராவிட்டால் புக்கியும் வழக்குப் போட முடியாது. சட்டத்தின் கண்ணில் அந்தக் கடன் பிறக்கவே இல்லை. காகிதத்தில் நியாயமாகத் தெரியும் இந்த விதிக்கு நடைமுறையில் கோரமான ஒரு பக்கம் உண்டு. நீதிமன்றம் வசூலித்துத் தராது என்பதால்தான் வசூலுக்கு ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பயந்து கடன்காரர் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம் போகிறார். செல்லாத கடன் அங்கே வட்டியோடு கூடிய வேறொரு கடனாக மாறுகிறது. வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகு போலீஸுக்குப் போகும் குடும்பங்கள், மிரட்டலைப் பற்றி மட்டும் புகார் கொடுத்து, கடன் எப்படி வந்தது என்பதை விழுங்கிவிடுகின்றன. சொன்னால் தானும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம். அந்த மௌனம்தான் புக்கிக்கு இருக்கிற மிகப் பெரிய பாதுகாப்பு.

ஆட்டத்தையே விற்ற காலமும் உண்டு. 1994-95-ல் மலேசியக் கால்பந்து லீக்கை உலுக்கிய விசாரணையில் 126 ஆட்டக்காரர்களை விசாரித்தார்கள். 58 பேர் இடைநீக்கம். ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 21 பேர் வேலையிலிருந்து நீக்கம். நீதிமன்றத்தில் நிற்கிற ஆதாரம் கிடைப்பது அரிதாக இருந்ததால், 1933-ஆம் ஆண்டுக் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பயன்படுத்திச் சிலரை விசாரணையில்லாமல் வேறு மாவட்டங்களுக்கு அனுப்பி அங்கேயே இருக்கச் செய்தார்கள். அந்தச் சட்டம் 2011-ல் ரத்தாகிவிட்டது. இப்போது ஆட்டம் விற்பது ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் லஞ்சமாகவே பார்க்கப்படுகிறது. ரசிகர்கள் மைதானத்தை விட்டுப் போனது மட்டும் எந்தத் திருத்தத்தாலும் சரியாகவில்லை.

இன்றைய போராட்டம் இணையத்தில். 1953-ஆம் ஆண்டுச் சட்டங்கள் 'இடம்' என்ற சொல்லைச் சுற்றிக் கட்டப்பட்டவை: வீடு, கடை, அறை, மேசை. கைப்பேசிக்குள் இருக்கும் பந்தயச் செயலிக்கு இடம் எது? சர்வர் வேறு நாட்டில், முதலாளி இன்னொரு நாட்டில். போலீஸ் கண்டுபிடிப்பதெல்லாம் காண்டோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகை வீடு, அதில் ஏழெட்டு மடிக்கணினி, டஜன் கணக்கில் கைப்பேசி, சிம் கார்டு, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். அந்த வீட்டைச் சூதாட்ட விடுதி என்று காட்டி வழக்குப் போடுகிறார்கள். நீதிமன்றத்தில் போலீஸ் தரப்புச் சூதாட்ட நிபுணர், அந்தத் தளம் சூதாட்டத் தளம்தான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அதற்குள் தளம் முகவரி மாறியிருந்தால் வழக்கு தள்ளாடும். பிடிபடுவது பெரும்பாலும் சம்பளக்காரர்கள்; அபராதம் கட்டப்பட்டுவிடும், வீடு மட்டும் மாறும்.

முதலாளியை எட்டும் ஒரே கயிறு பணம். பந்தயச் சட்டக் குற்றங்கள் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பதால் கணக்குகளை முடக்கலாம். குற்றம் நிரூபணமானால் 15 ஆண்டு வரை சிறை. அபராதம் சம்பந்தப்பட்ட தொகையின் ஐந்து மடங்கு அல்லது 5 மில்லியன் ரிங்கிட், இதில் எது அதிகமோ அது. ஆனால் பணம் ஓடுவது யார் பெயரிலோ இருக்கும் கணக்கில். மாதம் சில நூறு ரிங்கிட்டுக்குத் தன் ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்ட மாணவரோ தொழிலாளரோதான் முதலில் மாட்டுகிறார். இப்படிக் கணக்கை இரவல் கொடுப்பதைத் தண்டிக்க 2024-ல் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். 'கார்டு தொலைந்துபோயிற்று' என்ற பழைய சாக்கு இனி எளிதில் செல்லாது.

தளங்களை முடக்கும் வேலை தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையத்துடையது. 2018 முதல் 2024 ஆகஸ்ட் வரை முடக்கிய 24,000-க்கும் மேற்பட்ட தளங்களில் 39 சதவீதம் சூதாட்டத் தளங்கள் என்று ஆணையம் சொன்னது. முடக்கம் பெரும்பாலும் டிஎன்எஸ் மட்டத்தில் நடக்கிறது. தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரியைச் சொல்லும் பதிவேட்டில் கை வைப்பது அது. பயனர் கைப்பேசியில் வேறு டிஎன்எஸ் சேவையை அமைத்துக்கொண்டால் தளம் மறுபடியும் திறக்கும். அந்த ஓட்டையை அடைக்க, 2024 செப்டம்பரில் வெளி டிஎன்எஸ் கோரிக்கைகளையும் உள்ளூர்ச் சேவைக்கே திருப்பிவிடும்படி ஆணையம் இணைய நிறுவனங்களைப் பணித்தது. இணையத் தணிக்கைக்கு வழி திறக்கிறது என்று சில நாட்களிலேயே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அமைச்சர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஓட்டை அப்படியே இருக்கிறது. 1953-ஆம் ஆண்டுச் சட்டங்களை இணையத்துக்கு ஏற்றபடி திருத்தும் பேச்சும் பல ஆண்டுகளாகப் பேச்சாகவே இருக்கிறது. உலகக் கோப்பை வந்தால் மட்டும் 'ஓப் சோகா' என்ற பெயரில் சோதனைகள் சூடுபிடிக்கும். ஆசியா முழுவதும் கால்பந்துச் சூதாட்டத்துக்கு எதிராக இன்டர்போல் ஒருங்கிணைக்கும் நடவடிக்கையின் பெயர் அது.

அன்றாட வாழ்வில் அதிகம் கேட்கப்படும் கேள்விகள் இந்தப் பெரிய வழக்குகளிலிருந்து வருவதில்லை. அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு 50 ரிங்கிட் போட்டு ஃபேன்டசி லீக் நடத்துகிறார்கள், பருவ முடிவில் முதலிடம் பிடித்தவருக்கு 600. இதில் புக்கி யாரும் இல்லை, கழிவு எடுப்பவரும் இல்லை. பந்தயச் சட்டம் குறிவைத்த ஆள் இங்கே இல்லாததால் முஸ்லிம் அல்லாதவர்களின் வீட்டுக்கதவைப் போலீஸ் தட்டுவது அரிது. ஆனால் பணத்தை வைத்திருந்தவர் கொடுக்க மறுத்தால் சிவில் நீதிமன்றம் உதவாது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு முஸ்லிம் இருந்தால் அவர் நிலைமை வேறு. எல்லாரும் பணம் வைத்து ஒருவர் அள்ளுவதால் அது மைசிர். 18-ஆவது பிரிவில் 'சூதாடுகிறவர்' என்ற சொல்லுக்குப் புக்கி தேவையில்லை. இதே சிக்கல் கட்டணம் வாங்கி நடத்தும் மீன்பிடிப் போட்டிகளிலும் ஃபுட்சால் போட்டிகளிலும் வருகிறது. தீர்வு எளிதானது, பல ஏற்பாட்டாளர்கள் அதையே செய்கிறார்கள். நுழைவுக் கட்டணம் முழுவதையும் மைதான வாடகை, நடுவர் சம்பளம், தண்ணீர், சீருடை என்று செலவுக் கணக்கில் எழுதிவிட்டு, பரிசுப் பணத்தை ஒரு உள்ளூர்க் கடைக்காரரிடம் நன்கொடையாக வாங்கித் தனி உறையில் வைக்கிறார்கள். அந்த இரண்டு கணக்கும் ஒரே நோட்டில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பொருளாளரின் வேலை.